எண்பது நிமிடக் கழித்தல் கணக்கு



ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் என்னிடம் கணக்குக் கேட்பது நிற்கவில்லை. அன்று இயற்கணிதம், இன்று விமான டிக்கெட். இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "சார், அப்பா அம்மாவைக் கூப்பிடுறேன். நடுவுல விமானம் மாற 1 மணி 20 நிமிஷம் இருக்கு. போதுமா?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் என் வகுப்பு ஐந்து நிமிடம் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

80 நிமிடம். இதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த விமானத்தின் வாசல் புறப்படும் நேரத்துக்குச் சுமார் 20 நிமிடம் முன்பே மூடப்படும். மீதி 60. உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது 38-ஆவது வரிசை. முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் பெட்டியை இறக்கி நகர்ந்து, இவர் வெளியே வர 15, 20 நிமிடம். மீதி 40. பல ஊர்களில் விமானம் மாறுகிறவர்களுக்கும் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. வரிசை சிறியதாக இருந்தால் 15 நிமிடம். மீதி 25. கைப்பையில் அம்மா வைத்த மாவடு பாட்டில் மாட்டினால் (ஊறுகாயும் நெய்யும்கூட 100 மில்லி கணக்கில்தான் வரும்) பையைப் பிரித்து மூட இன்னும் பத்து. மிச்சமுள்ள கால் மணி நேரத்தில், முட்டிவலியோடு, தெரியாத ஊரில், ரயிலோ பேருந்தோ பிடித்து வேறு முனையம் போக வேண்டும். முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்தால்தான் இந்தக் கணக்கே.

ஆனால் நேரம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு. அது ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

எங்கள் தெருவில் ஓர் அம்மா. வயது 68. கணவர் இல்லை. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். லண்டனில் மகளுக்குத் தலைப்பிரசவம். மகன் வளைகுடா வழியாக டிக்கெட் போட்டார். சென்னையிலிருந்து வளைகுடா வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து லண்டனுக்கு இன்னொன்று. இடைவெளி 3 மணி 10 நிமிடம். தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். 14,000 ரூபாய் மிச்சம்.

சென்னையிலேயே இரண்டே கால் மணி நேரம் தாமதம். அவர் இறங்கியபோது 55 நிமிடம் இருந்தது. இரண்டாவது நிறுவனத்தின் கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிட்டது. பெட்டியில் கட்டிய சீட்டு வளைகுடா ஊர் வரைக்கும்தான். அதை எடுக்க வேண்டுமென்றால் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே போக வேண்டும். அந்த நாட்டு விசா கையில் இல்லை. முதல் நிறுவனம், "உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், அத்தோடு எங்கள் வேலை முடிந்தது" என்றது. இரண்டாவது, "நீங்கள் வரவில்லை, டிக்கெட் ரத்து" என்றது. அந்த டிக்கெட்டோடு சேர்ந்திருந்த திரும்பும் பயணமும் போய்விட்டது. மகன் ராத்திரியோடு ராத்திரியாக 62,000 ரூபாய்க்கு வேறு டிக்கெட் வாங்கினார். பதினோரு மணி நேரம் அந்த அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த ஊர்ப் பணம் இல்லாததால் ஒரு டீகூட வாங்கவில்லை. லண்டன் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. லேகியமும் பிரசவ மருந்தும் இருந்த பெட்டி மூன்று வாரம் கழித்துச் சென்னைக்கே திரும்பி வந்தது.

மகனை நான் குறை சொல்ல மாட்டேன். டிக்கெட் விற்கும் தளங்கள் இரண்டையும் ஒரே பயணம் போலத்தான் அடுக்கிக் காட்டுகின்றன. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று ஓர் ஓரத்தில் சின்னதாக இருக்கும். அதை 'நடுவில் என்ன நடந்தாலும் உன் பாடு' என்று மொழிபெயர்த்துப் படியுங்கள்.

2018-இல் நானும் வீட்டம்மாவும் மகள் வீட்டுக்கு டொராண்டோ போனோம். பிராங்க்பர்ட்டில் மாற்றம். எங்களுக்கும் இரண்டு நிறுவனங்கள்தான். ஆனால் மாப்பிள்ளை போட்டது ஒரே டிக்கெட். சென்னையில் தாமதமாகி அடுத்த விமானம் போய்விட்டது. இறங்கும் இடத்திலேயே ஒரு பெண் எங்கள் பெயர் எழுதிய தாளோடு நின்றார். நான்கு மணி நேரம் கழித்துப் போகும் விமானத்துக்குப் புதிய போர்டிங் பாஸ், சாப்பாட்டுக்குச் சீட்டு. பெட்டிகளும் கூடவே வந்தன. ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இரண்டு நிறுவனம் என்பதில் ஆபத்து இல்லை, பிள்ளைகளே. இரண்டு டிக்கெட் என்பதில்தான் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? இ-டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்த நிறுவனத்தைக் குறிக்கும். இரண்டு விமானத்துக்கும் அந்த 13 இலக்கமும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. தளம் தரும் முன்பதிவு எண் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மாறுவதற்கான குறைந்தபட்ச நேரம் என்று ஒன்று வகுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரே டிக்கெட்டில் விற்க மாட்டார்கள். பிராங்க்பர்ட்டில் பல மாற்றங்களுக்கு அது வெறும் 45 நிமிடம். "கம்பெனியே விற்கிறதே, சார்" என்பீர்கள். அது ஓடத் தெரிந்தவனுக்கான 45. தேர்ச்சி மதிப்பெண் 35 என்பதற்காக 35-க்குப் படிக்கச் சொல்லி உங்களுக்கு நான் என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா?

பெட்டி விஷயம். சென்னைக் கவுன்டரில் சீட்டு கட்டும்போது அதிலுள்ள மூன்றெழுத்தை அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். போய்ச் சேரும் ஊரின் எழுத்து இருக்க வேண்டும். டொராண்டோவுக்கு ஒய்.ஒய்.இசட். (ஏன் அப்படி என்று மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை.) அமெரிக்கா என்றால் அதற்கு மேலும் ஒரு வேலை. சீட்டில் கடைசி ஊரே இருந்தாலும், முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்தில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். ஊர் திரும்பும்போது டில்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கோ திருச்சிக்கோ மாறினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

கடைசியாகச் சக்கர நாற்காலி. நம் பிள்ளைகள் பலரும் பெற்றோருக்கு இதைக் கேட்டு வாங்குவது நடக்க முடியாமல் அல்ல, மொழி தெரியாத இடத்தில் வழிகாட்ட ஒருவர் வேண்டும் என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். 48 மணி நேரம் முன்பே சொல்லி வையுங்கள். ஆனால் நாற்காலி கேட்டவர்களை விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள். மேலே நான் போட்ட 20 நிமிடம் அப்போது 35, 40 ஆகும். அதன் பிறகு நாற்காலிக்காரர் வர வேண்டும். ஆகவே நாற்காலி என்றால் இரண்டரை மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். இரண்டு விமானத்துக்கும் நாற்காலி பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் பதிவாவது உண்டு.

அந்தத் தெரு அம்மா போன வருடம் மறுபடி லண்டன் போனார். ஒரே டிக்கெட், மூன்று மணி நேரம் இடைவெளி, கைப்பையில் கொஞ்சம் டாலர். மாவடு இந்தத் தடவை பெரிய பெட்டிக்குள் போனது.

பொங்கலுக்குப் பெற்றோரைக் கூப்பிட நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் விவரத்தை இன்பாக்ஸில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இந்திய நேரம் இரவு ஒன்பதுக்கு மேல் அழைக்க வேண்டாம், தூங்கிவிடுவேன்.