கார்டு தெரியுது, சத்தம் எங்கே?

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர், பாடங்களை வீட்டு மாடியறையிலேயே பதிவுசெய்ய ஆசைப்பட்டார். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் இழுத்துக்கொண்டே நின்றதால், அவரிடம் பயிலும் கல்லூரிப் பையன் டெபியன் 12 போட்டுக் கொடுத்திருக்கிறான். "லினக்ஸ்ல சவுண்டு கார்டெல்லாம் ஓடாதுங்காங்க, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். போனேன்.

மேஜையில் மூன்றாம் தலைமுறை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ சவுண்டு கார்டு. சிவப்புப் பெட்டி, ஒரு மைக்குக்கும் ஒரு கிட்டாருக்கும் இடம். மைக் கண்டென்சர் வகை, 48 வோல்ட் பொத்தானைப் போட்டால்தான் உயிர் வரும். பையன் யூஎஸ்பி ஒயரைச் செருகியதும் திரையில் குட்டியாக ஒரு பென் டிரைவ் முளைத்தது.

"பாத்தீங்களா அண்ணே, கார்டையே பென் டிரைவ்னு நெனச்சுக்கிடுது."

அது லினக்ஸின் குழப்பம் இல்லை. வாங்கியவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய பக்கத்தைக் காட்டுவதற்காகப் பெட்டியே அப்படித்தான் வருகிறது. அந்த நிலையில் எல்லா வசதியும் திறக்காது. 48 வோல்ட் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே ஒயரைச் செருகி, 5 விநாடி கழித்து விரலை எடுக்கச் சொன்னேன். கழற்றி மறுபடி செருகினான். பென் டிரைவைக் காணோம். டெர்மினலில் பதிவுக் கருவிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால், லேப்டாப்பின் சொந்த மைக்குக்குக் கீழே ஸ்கார்லெட்டும் இருந்தது.

டிரைவர் என்று எதையும் இறக்கவில்லை. யூஎஸ்பி ஆடியோவுக்குப் பொதுவான வரையறை ஒன்று உண்டு. அதன்படி செய்த பெட்டியை லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ஒலி அமைப்பான அல்சா தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். கார்டு வாங்கப் போகிறவர் கடையில் "கிளாஸ் கம்ப்ளையன்ட்டா?" என்று கேட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. உள்ளேயே மிக்சர் வைத்திருக்கும் பெரிய ஸ்கார்லெட்டுகளுக்குத்தான் கூடுதல் வேலை. அவற்றை ஆட்டிவைக்கும் நிரலை ஜெஃப்ரி பென்னட் என்பவர் எழுதிக் கெர்னலில் சேர்த்திருக்கிறார். சோலோவில் பொத்தான்களே போதும்.

கார்டு வந்தாயிற்று, சத்தம் வரவில்லை. பையன் ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு நிரலைத் திறந்து அல்சாவைத் தேர்ந்தெடுத்தான். கார்டு வேறு யாரிடமோ இருக்கிறது என்று மறுத்துவிட்டது. பின்னால் பிரௌசரில் ஒரு கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. அல்சாவில் கார்டை நேரடியாகப் பிடிப்பது தெருக்குழாயில் குடம் வைப்பது மாதிரி: ஒருவர் வைத்துவிட்டால் அடுத்தவர் நிற்க வேண்டியதுதான். பல நிரல்களின் சத்தத்தைக் கலந்து கொடுக்கப் பல்ஸ்ஆடியோ வந்தது. ஒலிப்பதிவுக்காரர்களுக்காக, ஆர்டோரை எழுதிய பால் டேவிஸே ஜாக்கையும் எழுதினார். இரண்டும் ஒரே கார்டுக்கு மல்லுக்கட்டிய காலத்தில்தான் 'லினக்ஸில் ஆடியோ ஓடாது' என்ற பேர் நிலைத்தது. இப்போது விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் இரண்டு வேலையையும் பார்க்கிறது, அதன் 1.0 பதிப்பு 2023-இல் வந்தது. டெபியனில் பைப்வயரின் ஜாக் பொதியைத் தனியே நிறுவ வேண்டும். நிறுவி, அதன் வழியே ஆர்டோரைத் திறந்து, ஜாக் என்று தேர்ந்தெடுத்தோம். மீட்டரில் பச்சைக்கோடு எழும்பியது. கச்சேரியும் நிற்கவில்லை.

அடுத்து ஆசிரியர் ஹெட்போனை மாட்டி, முதல் டிராக்கில் தம்பூராவை ஓடவிட்டு, அதன்மேல் மோகனம் வாசித்தார். நாலு ஸ்வரத்தில் குழலைக் கீழே வைத்துவிட்டார். "நான் ஊதினது பெறவுல்லா வருது!"

நியாயம்தான். பைப்வயர் வழக்கமாக 1024 மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒரு தவணையாக அனுப்பும். விநாடிக்கு 48,000 மாதிரி என்றால் ஒரு தவணைக்கு 21 மில்லிவிநாடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, 40-ஐத் தாண்டிவிடும். பையன் அதை 128-ஆகக் குறைத்தான். தவணை 3 மில்லிவிநாடிக்கும் கீழே இறங்கியது, ஆனால் பழைய பிராசஸர் ஈடுகொடுக்கவில்லை. ஹெட்போனில் பொரிகடலை வறுத்தார்கள். ரியல்டைம் கெர்னல் போடலாமா என்று கேட்டான். இந்த வெறி எல்லோருக்கும் ஒருமுறை பிடிக்கும். வேண்டாம் என்றேன். சோலோவின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்றொரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் மைக்கின் சத்தம் கணினிக்குப் போய்த் திரும்பாமல் பெட்டிக்குள்ளிருந்தே ஹெட்போனுக்கு வந்துவிடும். ஆர்டோர் அதே சத்தத்தை இரண்டாம் முறை திருப்பி அனுப்பாதபடி அங்கே மானிட்டரை அணைத்தோம். தவணையை 512-இல் நிறுத்தினோம். தனியாளாக வாசித்துப் பதிவுசெய்ய இதற்குமேல் தேவையில்லை. கிட்டாரைக் கணினிக்குள்ளேயே ஆம்ப் வைத்து வாசிப்பவருக்கும், கீபோர்டில் மென்பொருள் வாத்தியம் மீட்டுபவருக்கும்தான் சின்னத் தவணை அவசியம்.

மோகனம் ஒழுங்காக முடிந்தது. திரும்பப் போட்டபோது ஸ்பீக்கரில் அடியில் ஓர் இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. அப்பாடா என்று அடுத்த டிராக்கைத் தொடங்கினால், 512-லேயே பொரிகடலை. பேட்டரிக்கு மாறியதும் லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பிராசஸரின் வேகத்தைக் குறைத்திருந்தது. பவர் அமைப்பை 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றி, வைஃபையையும் அணைத்தோம். பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும் என்றது திரை. "பாடமே முக்கா மணி நேரந்தாம்" என்று ஆசிரியர் மறுபடி குழலை எடுத்தார்.