பழுது என் பக்கம்

கும்பகோணத்தில் டி.டி.பி. சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கவிதைத் தொகுப்பு, டியூஷன் சென்டர் வினாத்தாள், பில் புத்தகம் எல்லாம் என் மேசையைக் கடந்து அச்சுக்குப் போயிருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய ஒரு கணினியை, அந்த மென்பொருளுக்கு ஆதரவு நின்ற பிறகும் பல வருடங்கள், எந்தக் காப்பும் இல்லாமல் கடையில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்தேன். அதனால் மற்றவர்களுக்கு நஷ்டம் வந்தது. வந்தபோது பொய் சொன்னேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து, "நல்லா ஓடுற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா?" என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். பழைய கணினியை ஓட்டத் தெரிந்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யோசனை சொல்லுமுன், அதற்குப் பின்னால் நான் மறைத்ததைச் சொல்லியாக வேண்டும்.

பழைய கணினியை விடாமல் பிடித்திருந்ததற்கு நியாயமான காரணம் ஒன்றும் இருந்தது. எங்கள் தொழில் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் வளர்ந்தது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தெரியாது. அதனால் தமிழ் முழுவதையும் பழைய எழுத்துருக்களில் அடித்தோம். 'பாமினி' என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது கணினியின் கணக்கில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. 1999-இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று தரம் வகுத்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. கடைகளில் இருந்த பழைய கோப்புகளோ இருந்த இடத்திலேயே இருந்தன. என் கணினி நின்றால் அவற்றைப் படிக்க வழியில்லை என்று நம்பினேன். எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

அந்தக் கணினியின் உடம்பை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். தூசி தட்டுவேன், பிராசஸருக்குப் பேஸ்ட் மாற்றுவேன், உப்பிய கபாசிட்டரைக் கழற்றி வேறு வைப்பேன். தேதி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்ற வேண்டும் என்பது என் கடைப் பையன்களுக்கும் தெரியும். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் மயங்கி, உள்ளே ஓடும் மென்பொருளின் நிலையை நான் கேட்கவே இல்லை.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-இல். "கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான், நாம என்ன பண்றது" என்று அதன்பிறகு பேசி வந்தேன். உண்மை வேறு. என் கணினியில் இருந்தது திருட்டு நகல். அப்டேட் வந்தால் திரை கறுத்துப்போய், 'இது அசல் அல்ல' என்று வாடிக்கையாளர் எதிரில் எழுதிக் காட்டும் என்று பயந்து, போட்ட அன்றே அப்டேட்டை நிறுத்திவிட்டேன். ஆக, மைக்ரோசாஃப்ட் நிறுத்துவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கணினிக்கு ஆதரவை நிறுத்தியவன் நான்தான். பென் டிரைவைச் செருகியதும் அதில் உள்ள நிரல் தானாக ஓடும் வழியை அடைக்கும் திருத்தம் 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கு அப்டேட்டாகவே வந்தது. என் கணினிக்கு அது போகவில்லை.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், டி.டி.பி. சென்டர் பக்கம் போனவர்களுக்கு ஷார்ட்கட் வைரஸைத் தெரிந்திருக்கும். பென் டிரைவில் உள்ள ஃபோல்டர்களை அது மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். அதை அமுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும். என் கணினியில் அது குடியிருந்தது எனக்குத் தெரியும். கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன, ஒரு கட்டளையால் மீட்டுவிடலாம் என்பதும் தெரியும். என் டிரைவுகளை அப்படித்தான் மீட்டுக்கொண்டிருந்தேன்.

ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண், ஓர் இயலை மட்டும் பிரின்ட் எடுக்க வந்தாள். மறுநாள் திரும்பி வந்தாள்.

"அண்ணா, பென் டிரைவ்ல எல்லாமே ஷார்ட்கட்டா காட்டுது. இங்க போட்டதுக்கு அப்புறம்தான்."

"முன்னாடியே இருந்திருக்கும்மா. எங்க சிஸ்டத்துல அதெல்லாம் வராது."

நான் சொன்னது இவ்வளவுதான். 'கோப்பு உள்ளேயேதான் இருக்கு, எடுத்துத் தர்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பாளோ என்று சொல்லவில்லை. அவள் வேறு எங்கோ கேட்டு, டிரைவை ஃபார்மட் செய்து, மேலேயே புதிதாக எழுதியும்விட்டாள். ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய களக்குறிப்புகள் அதோடு போயின. பின்னால் அவளுடைய தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கணினியில் மற்றவர்களுடைய டிரைவைச் செருகுவதை நான் நிறுத்தவில்லை. என் குற்றங்களில் மிகப் பெரியதாக இதையே கருதுகிறேன். முதல் முறை நடந்ததை அறியாமை என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு இடமில்லை. அடுத்தடுத்து நடந்ததைச் சொல்லவே வேண்டாம்.

2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று பிறகு தெரிந்தபோது, 'பார், எக்ஸ்பிக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று நிம்மதியடைந்தேன். தலைகீழாகப் புரிந்துகொண்டேன். விண்டோஸ் 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது. அந்த நிரல் நுழையும் ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆதரவு நின்ற எக்ஸ்பிக்குக்கூட அப்போது மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. கணினியின் வயதைவிட, வைத்திருப்பவன் செய்ய வேண்டியதைச் செய்தானா என்பதுதான் அங்கே முடிவு செய்தது. நான் செய்யாதவர்கள் பக்கம் இருந்தேன்.

ஏன் மாறவில்லை என்று யோசித்துப் பார்த்தால், பணம் முதல் காரணம் இல்லை. மறுபடி கற்றுக்குட்டி ஆக எனக்குப் பயம். பேஜ்மேக்கரில் கண்ணை மூடிக்கொண்டு பக்கம் அமைப்பவன், புது மென்பொருளில் ஒரு கட்டம் போடத் தெரியாமல் கடைப் பையன்கள் எதிரில் விழிக்க வேண்டுமே என்ற கூச்சம். 'விரல் பழகிவிட்டது, இனி மாறாது' என்று சொல்லி வந்தேன். என் விரல் பழகிய தட்டச்சு விசைப்பலகை யூனிகோடிலும் கிடைக்கிறது. 'பழைய கோப்பைத் திறக்க வேறு வழியில்லை' என்றேன். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி 2015-இல் வந்த லிப்ரெஆபிஸ் 4.4-இலேயே சேர்ந்துவிட்டது. தேடியிருந்தால் கிடைத்திருக்கும். தேடாமல் இருப்பதில்தான் எனக்குச் சௌகரியம் இருந்தது.

கடைசியில் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். முதலில் நெட் கேபிளைக் கழற்றினேன். வன்தட்டைத் தனியே எடுத்து, எல்லாக் கோப்புகளையும் இரண்டு வெவ்வேறு தட்டுகளில் பிரதி எடுத்தேன். திருட்டு நகலைத் துடைத்தேன். அந்தக் கணினி கோர் 2 டுவோ. நினைவகத்தைக் கூட்டி, ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, டெபியன் லினக்ஸை எளிய எக்ஸ்எஃப்சிஇ திரையோடு நிறுவினேன். அதில் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் போதும்; யூனிகோட் தமிழ் சரியாக அமைகிறது. பழைய கோப்புகளை லிப்ரெஆபிஸில் திறந்து, உரையை எடுத்து, எழுத்துரு மாற்றி வழியாக யூனிகோடாக்குகிறேன். பக்க அமைப்பு கலைந்துதான் வரும். மறுபடி அமைக்க வேண்டும். மாற்றியபின் ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று புரூஃப் பார்த்தே தீர வேண்டும். வேலை கடினம்தான். ஆனால் நான் 'காப்பாற்றுகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவை இப்போதுதான் எந்தக் கணினியிலும் படிக்கக் கிடைக்கின்றன. வாடிக்கையாளர் டிரைவை வைரஸ் பார்த்த பிறகே திறக்கிறோம். கணினி அதே பழைய கணினிதான். மாறாமல் அடம்பிடித்தது நான்.

ஆகவே, விண்டோஸ் 10 கணினியோடு வருகிறவர்களிடம் தூக்கிப் போடாதீர்கள் என்றே சொல்கிறேன். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப்பும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் பிராசஸரும் வேண்டும் என்பதால் மட்டும் நல்ல கணினி குப்பையாகிவிடாது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. அதற்குள் லினக்ஸைப் பழகிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்வதானால் இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள். கோப்புகளை வெளியே பிரதி எடுங்கள். இன்னொருவர் டிரைவைச் செருகுமுன் கணினியின் நிலையை அவரிடம் சொல்லுங்கள். நான் தவறியது முக்கியமாக இந்தக் கடைசி இடத்தில்தான். என் கோப்பை ஆபத்தில் வைப்பது என் இஷ்டம். கேட்காமல் இன்னொருவர் உழைப்பையும் அதில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

அந்தப் பெண்ணைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்பட்டாள். அது நியாயம். அந்தக் குறிப்புகளை என்னால் திருப்பித் தர முடியாது. என் கடையில் டைப் செய்து வாங்கிய பழைய மலரோ நூலோ தொகுப்போ யாருக்கேனும் வேண்டுமென்றால் கேளுங்கள். யூனிகோடில் மாற்றிப் பணம் வாங்காமல் தருகிறேன். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை இன்னும் ஒரே வன்தட்டில் வைத்திருக்கும் சக கடைக்காரர்களே, அவற்றில் பெரும்பகுதி நமக்குச் சொந்தமில்லை. எழுதியவர்களிடம் அவற்றைக் கொண்டுசேர்க்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.