குப்பைக் குழியில் கிடைத்த அரசவை

ஒசாகாவிலிருந்து வரும் ரயில் நாராவை நெருங்கும்போது வீடுகளும் கடைகளும் சட்டென்று விலகுகின்றன. இருபுறமும் புல்வெளி. ஒரு பக்கம் சிவப்புத் தூண்களுடன் பிரம்மாண்டமான வாயில். மறுபக்கம், தூரத்தில், தர்பார் மண்டபம். ரயில் ஓடுவது ஓர் அரண்மனையின் நடுவே.

கி.பி. 710 முதல் 784 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, ஜப்பானியப் பேரரசர்களின் அரண்மனை இருந்த இடம் இது. சீனத் தலைநகர் சாங்கானைப் பார்த்து உருவான நகரம். தலைநகர் இடம் மாறியதும் எல்லாம் வயலாகிவிட்டது. இப்போது தெரியும் வாயில் 1998இலும் மண்டபம் 2010இலும் புதிதாக எழுப்பப்பட்டவை.

அசல் அரசவை இருப்பது மண்ணுக்கடியில். காகிதம் அருமையாக இருந்த காலம் அது. குமாஸ்தாக்கள் அன்றாடக் கணக்கை மெல்லிய மரச்சீட்டுகளில் மையால் எழுதினார்கள். வேலை முடிந்ததும் கத்தியால் சீவிவிட்டு மறுபடி எழுதினார்கள். சீவல்கள் குப்பைக் குழிக்குப் போயின. காற்றுப் புகாத ஈரமண் அவற்றை அழியாமல் காத்தது.

1988இல், அரண்மனைக்குத் தென்கிழக்கே பல்பொருள் அங்காடி கட்டவிருந்த இடத்தில் சுமார் 35,000 சீட்டுகள் கிடைத்தன. இளவரசர் நாகயாவின் மாளிகை இருந்த இடம் அது. அவர் வீட்டுக்குப் பால் வந்தது, கோடையில் பனிக்கட்டி வந்தது. வளர்ப்பு நாய்களுக்கும் கொக்குகளுக்கும்கூட அரிசிப் படி அளந்தார்கள். 729இல் சதிக் குற்றம் சாட்டப்பட்டு அவர் தற்கொலை செய்துகொள்ள நேர்ந்தது. அது பொய்க் குற்றச்சாட்டு என்பதை அரசாங்க வரலாறே பின்னர் ஒப்புக்கொண்டது. மாளிகை இருந்த இடத்தில் அங்காடி எழும்பிவிட்டது.

வரிப்பொருள் மூட்டைகளில் கட்டிய சீட்டுகள் இன்னொரு கதை சொல்கின்றன. உப்பு, கடற்பாசி, உலர்ந்த மீன். கூடவே மாகாணம், கிராமம், வரி செலுத்தியவரின் பெயர். இவற்றைத் தலைநகருக்குச் சுமந்து வந்தவர்கள் குடியானவர்கள். ஊர் திரும்பும் வழியில் உணவு தீர்ந்து பலர் பட்டினியால் மடிவதை 712ஆம் ஆண்டு அரசாணையே குறிப்பிடுகிறது.

அரண்மனைப் பகுதியில் கிடைத்த சீட்டுகளில் 3,000க்கும் மேற்பட்டவற்றை 2017இல் ஜப்பான் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. பிரபுக்களின் பெயர்களைக் காப்பாற்ற ஏடுகள் இருந்தன. உப்பு அனுப்பிய குடியானவனின் பெயரைக் காப்பாற்றியது குப்பைக் குழிதான்.