தேயிலைப் பெட்டியில் புத்தகங்கள்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் ஹட்டன் நிலையத்தை விட்டுப் புறப்பட்ட சற்று நேரத்தில் சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைகின்றது. இலங்கைப் புகையிரதப் பாதையிலுள்ள சுரங்கங்களுள் மிக நீளமானது இதுவே. இருளைக் கடந்து மறுபுறம் வந்தால் கொட்டகலை. அப்பால் தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா. 1885ஆம் ஆண்டில் நானுஓயா வரை எட்டிய இப்பாதை உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போடப்பட்டதன்று. மலையில் விளைந்ததைத் துறைமுகத்தில் கொண்டு சேர்ப்பதற்காகப் போடப்பட்டது. இன்று யன்னலோரம் அமர்ந்து வருவோர் பச்சைச் சரிவுகளையும், சென். கிளேயர் நீர்வீழ்ச்சியையும், முதுகிற் கூடையுடன் நிற்கும் பெண்களையும் கண்டு மகிழ்கின்றனர். அந்தப் பச்சைக்குள் புத்தகம் படிப்போரும் இருப்பார்களா என்று எவரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இருக்கின்றார்கள். நாங்களும் அவர்களுள் இருவர். ஒருவருக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மற்றவருக்கு அருகிலுள்ள பாடசாலையில் ஆசிரியத் தொழில். எங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது. நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த அவளுடைய அப்பாயியும் எங்களுடன் இருக்கின்றார். புத்தகப் பித்துப் பிடித்த இருவர் ஒரு தோட்டத்தில் குழந்தையை வளர்த்தவாறே எப்படிப் படிக்கின்றோம் என்பதைச் சொன்னால், இம்மலையின் மற்றொரு முகமும் வாசகர்களுக்குத் தெரியவரும் என்று கருதுகின்றோம்.

தோட்டத்தில் நேரம் கடிகாரத்துக்குச் சொந்தமானதன்று, கொழுந்துக்குச் சொந்தமானது. விடியுமுன்னே எழுந்து, ரொட்டி சுட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். கொழுந்து நிறுத்து முடித்து வீடு திரும்பும்போது, விறகும் பீலித் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் ஆறேழு பேர் படுத்துறங்க, குப்பி விளக்கை ஊதி அணைத்த பின் எவர் எங்கே படிப்பது? மின்விளக்கு வந்த பின்னும் இடம் பெருகவில்லை. இந்த மலையில் ஒருவர் ஒரு நாவலை முடித்தார் என்றால், அந்த மணித்துளிகளை அவர் எங்கிருந்தோ கவர்ந்தெடுத்தார் என்றே கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த மணித்துளிகள் இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. பறித்த கொழுந்தைத் தொழிற்சாலையில் பரப்பிக் காற்றூட்டினால், அது வாடி அரைக்கும் பக்குவத்துக்கு வரப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமேனும் வேண்டும். ஈர நாட்களில் இன்னும் கூடும். அதை விரைவுபடுத்தினாற் சுவை கெடும். ஆகவே இரவு வேலையில் இருப்பவர் காத்திருந்தே தீர வேண்டும். அந்தக் காத்திருப்பில் எங்களுள் ஒருவர் படித்த நூல்கள் பல. மற்றவருக்கோ குழந்தைக்குப் பாலூட்டும் வேளைதான் வாய்த்தது. திருமணத்துக்கு முன் ஒரே இருப்பில் இருநூறு பக்கம் படித்தவர், குழந்தை பிறந்தபின் ஒரு நாளில் நான்கு பக்கம் படித்தாற் பெரிது என்ற நிலைக்கு வந்தார். ஒரு நாவல் எட்டு மாதம் ஓடியது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் அக்கதையின் மாந்தர் எங்கள் வீட்டாரைப் போலவே ஆகிவிட்டனர். பாலூட்டும்போது மனத்துக்குள் படித்தால் உறக்கம் வந்ததால் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினோம். பொருள் அறியாத அந்தப் பச்சைக் குழந்தை ஓசையைக் கேட்டுக்கொண்டு கிடந்தது. எங்கள் மகள் புத்தகத்தை முதலிற் கண்ணால் அறியவில்லை, காதாலேயே அறிந்தாள்.

பின்னர் எண்ணிப் பார்த்தால், இம்மலைநாட்டுக்கு அச்செழுத்து வந்ததே அந்த வழியாகத்தான். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய சீமைகளிலிருந்து வந்தவர்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை விரித்து இராகம் போட்டுப் படிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகியவை ஆடப்படும் இரவுகளிலும் கதை காதுவழியே இறங்கியது. ஒரு புத்தகம், ஒரு வாய், நூறு காது. இதுவே மலைநாட்டின் முதல் நூல்நிலையம்.

இதை நன்குணர்ந்தவர்கள் கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளும். வெளியார் தோட்டத்துள் நுழைவதே குற்றமாயிருந்த காலத்தில் புடவை வியாபாரி போலத் தோட்டங்களுக்குள் வந்து நிலைமையைக் கண்டவர் நடேசய்யர் என்பர். 1931இல் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினராகவும் விளங்கினார். பத்திரிகைகளும் சிறு நூல்களும் ஓயாது வெளியிட்டார். மீனாட்சியம்மாள் தொழிலாளரின் அவல நிலையைப் பாட்டாகக் கட்டினார். கூட்டங்களில் அவற்றைத் தாமே பாடினார். 1940இல் அப்பாடல்கள் நூலாகவும் அச்சேறின. எழுத்தறியாத தாய்மாருக்கு நூல் எழுதுவதால் என்ன பயன் என்று அவர் தயங்கவில்லை. பாட்டைக் கேட்ட தாய், மறுநாள் மலையில் அதை முணுமுணுப்பாள். அவள் பிள்ளை அதைக் கேட்கும். அச்சிட்ட தாளுக்கும் குழந்தையின் காதுக்கும் இடையிலிருந்த பாலம் அந்தத் தாயின் வாயே.

வட்டகொடையை அடுத்த மடகும்புரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் தலவாக்கலை மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டிலேயே வந்த பிரசாவுரிமைச் சட்டம் அந்த மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. ஆனால் அவரிடமிருந்த பேனாவை எவராலும் பறிக்க முடியவில்லை. தேயிலைத் தோட்டத்து வாழ்வை அவர் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதி 1954இல் வெளியிட்டார், சக்தீ அ. பாலையா அதைத் தமிழாக்கினார். தம் முதிய வயதில், 1983இல், மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்தார். ஆங்கிலம் கற்றுப் பெயர் பெற்ற கவிஞர் இறுதியிற் கைநீட்டி எடுத்துக்கொண்டது, லயத்து மக்களின் வாயிலிருந்த செல்வத்தையே.

பதுளைப் பக்கத்தைச் சேர்ந்த தெளிவத்தை ஜோசப், தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகன். தாம் வேலை செய்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதை, ஒற்றைக் காம்பிராவுக்குள் ஒரு குடும்பம் படும் பாட்டைக் கூறுவது. அதைப் படித்தவர்கள் மறப்பதில்லை. சாரல்நாடனோ தேயிலைத் தொழிற்சாலையிற் பணியாற்றிக்கொண்டே நடேசய்யரின் வரலாற்றைத் தேடித் திரட்டி 1988இல் நூலாக்கினார். கொழுந்து வாடும் வரை காத்திருக்கும் இரவுகளில் அவரை நாங்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி எங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாளில் தேயிலையை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். ஈரம் புகாதவாறு உட்புறம் உலோகத்தாள் பதித்திருப்பார்கள். இப்போது காகிதச் சாக்குகளே வழக்கிலிருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன் பக்கத்தில் வாரக்கணக்கில் வெயிலைக் காண இயலாது. செருப்பிலும் சுவரிலும் பூஞ்சணம் பூக்கும். புத்தகத்துக்கு அதனினும் பெரிய பகை வேறில்லை. எங்களிடமுள்ள பழைய தேயிலைப் பெட்டி ஒன்று மட்டும் அந்தப் பகையை இன்னும் தடுத்து நிற்கின்றது.

அப்பெட்டி எங்களுக்கு விலைக்கு வந்ததன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கப்படும் என்றும் முடிவாயிற்று. அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் எங்கள் வீட்டுப் பெரியவரின் நண்பர். சென்னையிலிருந்து வந்த வார இதழ்களின் தொடர்கதைகளைக் கத்தரித்து, நூல் கொண்டு தைத்து, கோதுமைப் பசையால் அட்டை ஒட்டி, இருபதுக்கு மேற்பட்ட தொகுப்புகள் செய்து வைத்திருந்தார். தலைமன்னாரிற் கப்பலேறப் புறப்படுமுன் பெட்டியோடு அவற்றை ஒப்படைத்து, "பத்திரமாப் பாத்துக்குங்கண்ணே, புள்ளைங்க படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாராம். அவரும் திரும்பவில்லை, கடிதமும் நாளடைவில் நின்றுபோயிற்று. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, எங்கள் லயத்திலிருந்தோர் அந்தத் தொகுப்புகளையே திரும்பத் திரும்பப் படித்தார்கள் என்று பெரியவர் கூறியதுண்டு.

இப்போது அந்தப் பெட்டியின் சாவி எங்கள் மகளிடம் இருக்கின்றது. இரவு உணவு முடிந்ததும் அரை மணி நேரம் வாய்விட்டுப் படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். கைத்தொலைபேசிகள் மூன்றும் அந்த வேளையிற் சமையலறைத் தட்டுக்குப் போய்விடும். கதை முடிந்தபின் "இதனால் அறியும் நீதி யாது?" என்று அவளைக் கேட்பதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகின்றது. இந்நேரத்திற் கதைப்புத்தகம் எதற்கு என்று அக்கறையுள்ளோர் பலர் எங்களிடம் கேட்கின்றனர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. தோட்டத்துப் பிள்ளைக்குப் பரீட்சை ஒன்றே மலையிறங்கும் பாதை என்று மூன்று தலைமுறை நம்பி வந்திருக்கின்றது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று விதித்தும், ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே பல பாடசாலைகள் நெடுங்காலம் கிடந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. அந்த இழப்பையெல்லாம் ஒரு பரீட்சையில் ஈடு செய்யத் துடிக்கும் பெற்றோரை நாங்கள் குறை கூறமாட்டோம். எனினும் அந்த அரை மணியை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை. பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். படிக்கும் பழக்கமோ அதன்பின் வரும் நாட்கள் அனைத்துக்கும் வேண்டியது.

அந்த அரை மணியின் பெரிய பயனை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் மகள் பொன்னர் சங்கர் கதையை அப்பாயிக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். தம் பெயரைக் கூட எழுதக் கற்காத அந்த மூதாட்டி இடைமறித்து, "புத்தகத்துல இருக்கிறது பாதிதான் தாயி. மிச்சத்த நான் சொல்றேன், கேளு" என்று தொடங்கினார். காமன் பொட்டல் கூத்தில் இளமையிற் கேட்டதையெல்லாம் அன்றிரவு சொல்லி முடித்தார். மகள் தன் அப்பியாசக் கொப்பியில் அதை எழுதி, தைத்து, பெட்டியில் வைத்திருக்கின்றாள். படிப்பறியாதவர் என்று நாடு கணக்கெழுதிய ஒருவர், எங்கள் பெட்டிக்கு ஒரு நூலைத் தந்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் எங்கள் இஸ்தோப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகின்றனர். அவர்களுள் ஒரு பையன் சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். போகுமுன் தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியை இரவல் வாங்கிச் சென்றான். இன்னும் திருப்பித் தரவில்லை. தீபாவளிக்கு வந்தவனிடம் கேட்டபோது, கடையில் உடன் தங்கியிருக்கும் இருவர் அதைப் படித்துக்கொண்டிருப்பதாகக் கூறினான். நாங்கள் மறுபடி கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை ஊரெங்கும் நினைவு கூர்ந்தோம். உரிமையும் காணியும் வீடும் இன்னும் பேசித் தீரவேண்டியவை. புத்தகம் அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் அவற்றைக் கேட்பதற்குரிய சொல், படித்த வாயிலிருந்தும் கேட்ட காதிலிருந்துமே பிறந்து வந்திருக்கின்றது என்பதை இம்மலையின் வரலாறு காட்டுகின்றது. ஆதலின் வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுண்டு. உங்கள் வீட்டிற் படித்து முடித்த சிறுவர் நூல்கள் இருந்தால் பழைய தாள் கடைக்குப் போடாதீர்கள். மலைநாட்டுப் பக்கம் வரும்போது கையோடு கொண்டு வந்து, வழியில் எதிர்ப்படும் ஏதேனும் ஒரு தோட்டத்துப் பாடசாலையிற் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.