வாடிய பயிருக்கு முதலில் வேரைப் பாருங்கள்!

‘பையன் நல்ல சம்பளத்தில்தான் இருக்கிறான். ஆனால், கம்ப்யூட்டரைத் திறக்கவே பிடிக்கவில்லை என்கிறான்.’ கிராமத்து வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. நகையை அடகு வைத்துப் படிக்கவைத்தவர்களுக்குப் பயமாகத்தான் இருக்கும். சோம்பல் என்று திட்டுவதற்கு முன்பு, கைடோ வான் ரோசம் கதையைக் கேளுங்கள்.

பிளஸ் டூ கணினி அறிவியலில் நம் பிள்ளைகள் படிக்கிறார்களே ‘பைத்தான்’ மொழி... அதை உருவாக்கியவர் இவர். நெதர்லாந்துக்காரர். 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக ஆரம்பித்து, 1991-ல் வெளியிட்டார். அது உலகம் முழுக்கப் பரவியது. அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கடைசி முடிவு அவருடையதாகவே இருந்தது.

2018-ல், ஒரு சின்னக் குறியீட்டைச் சேர்ப்பதில் பெரிய தகராறு. அவர் ஏற்றுக்கொண்டார், பலர் கடுமையாக எதிர்த்தார்கள். மனம் சலித்துப்போனவர், அந்த ஜூலையில் முடிவெடுக்கும் பொறுப்பையே விட்டு விலகினார். அடுத்த ஆண்டு ஐந்து பேர் கொண்ட குழு அந்தப் பொறுப்பை ஏற்றது. 2019 அக்டோபரில் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

ஆனால், சும்மா இருப்பது அலுத்துவிட்டது. 2020 நவம்பரில், 64 வயதில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சிறு குழுவோடு, பைத்தானை வேகமாக ஓடவைக்கும் வேலையில் இறங்கினார். 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 25 சதவிகிதம் வேகமானது.

அவருக்குக் கசந்தது தொழில் அல்ல, அதைச் சுற்றி மண்டிய சண்டைதான். களையை எடுத்ததும் பயிர் நிமிர்ந்துவிட்டது.

காய்ச்சலிலும் பயிர் வாடும். தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் வாடும். வேரைப் பார்க்காமல் மேலும் தண்ணீர் கட்டினால், இருக்கிற வேரும் போய்விடும். அலுத்துப்போன பிள்ளையிடம் ‘பல்லைக் கடித்துக்கொண்டு உழை’ என்பதும் அப்படித்தான்.

எது கசக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். வேலையா, இரவு ஷிஃப்டா, மேலாளரின் பேச்சா? கடன் தவணை இருந்தால் அவசரப்பட்டு வேலையை விட வேண்டாம்; முதலில் வேறு குழு, வேறு பொறுப்பு கேட்டுப் பார்க்கலாம். லாபம் பார்க்காமல், தனக்குப் பிடித்த சிறு நிரல் ஒன்றை விடுமுறையில் எழுதச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பால் கணக்காக இருந்தாலும் சரி.

வேலை மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாமே பிடிக்காமல் போனால், அது வேறு நோய். தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.