தீப்புண்ணும் தயிர்ச் சட்டியும்

எங்கள் ஊர்களில் கை கால் சுட்டுவிட்டால் மருந்துக்குப் பஞ்சமில்லை. ஒருவர் பற்பசை கொண்டு வருவார், இன்னொருவர் முட்டை வெள்ளைக்கரு, மற்றவர் தேங்காயெண்ணெய். போர்க்காலத்தில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்குகளோடு வாழ்ந்த நாட்களில் இவை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இப்போது தயிருக்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. "தயிரிலை இருக்கிற நல்ல கிருமி எரிகாயத்தை ஆத்துமாம்" என்று படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள்.

சென்ற வருடம் என் மச்சாளின் முன்கையில் கொதிநீர் கொட்டியபோது அயல்வீட்டு அக்கா தயிர்ச் சட்டியோடுதான் ஓடி வந்தார். நான் மச்சாளின் காப்புகளைக் கழற்றி, கையைக் குழாயின் கீழ் 20 நிமிடம் பிடித்திருந்தேன். "தண்ணி பட்டால் கொப்பளிக்கும் பிள்ளை" என்று மாமி சத்தம் போட்டார். பிறகு துப்புரவான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வாட்டில் இருந்த வைத்தியரிடம் தயிர்க் கதையைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதையில் உண்மை உண்டு என்றார். தோல் எரிந்த இடத்தில் கிருமிகள் இலகுவில் குடியேறும். அவற்றில் பொல்லாதது சுடோமோனாஸ். பல மருந்துகளுக்கு அது மசியாது. ஆர்ஜென்ரீனாவில் பெரால் என்பவரும் அவரது குழுவினரும் லக்ரோபசிலஸ் பிளான்ராரம் என்ற கிருமியை 80 நோயாளரின் எரிகாயங்களில் பயன்படுத்திப் பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். எரிகாயத்துக்கு வழமையாகப் பூசும் வெள்ளிச் சத்துள்ள களிம்புக்கு அது ஏறக்குறைய ஈடாக வேலை செய்தது. இந்தக் கிருமி புளிப்பமிலத்தைச் சுரந்து, சுடோமோனாஸ் பெருகுவதைத் தடுக்கிறது.

ஆனால் அது ஆய்வுகூடத்தில் தனியாக வளர்த்தெடுத்த ஒரே இனக் கிருமி. நாம் உறை குத்துகிற சட்டியில் என்னென்ன வளர்கிறது என்று யாருக்குத் தெரியும்? பூஞ்சணமும் இருக்கலாம், கரண்டியோடு வந்த அழுக்கும் இருக்கலாம். சிறிய ஆய்வு ஒன்றைக் கொண்டு அதை வழமையான சிகிச்சையாக்கவும் முடியாது. நல்ல கிருமி என்றால் கெடுதலே செய்யாது என்பதும் பிழை. நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சி நோயாளருக்கு இத்தகைய கிருமிகளைக் குடலுக்குள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. கிருமி கொடுக்கப்பட்ட 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாத 144 பேரில் 9 பேர். பெரிய எரிகாயக்காரரும் அப்படி நலிந்த உடம்புடையவர்கள்தான். வைத்தியரைக் கேளாமல் கடைக் குளிசை வாங்கிக் கொடுப்பதற்கும் எனக்குப் பயம்.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது பத்தியம். மச்சாள் வீடு திரும்பியதும் முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாவற்றையும் மாமி நிறுத்திவிட்டார். புண் சீழ் பிடிக்குமாம். கையில் பூசலாம், வாயில் வைக்கக் கூடாதாம்! புதுத் தோல் வளர்வதற்குப் புரதம் வேண்டும். எரிகாயக்காரருக்குச் சாதாரண ஆட்களைவிடக் கூடுதலாகவே வேண்டும். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் உடம்பு எதைக் கொண்டு தோல் நெய்யும்?

நான் வாதாடவில்லை. மருந்து கட்டுகிற நாளில் மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். தாதி அவருக்கே சொல்லிக் கொடுத்தார். அன்று பின்னேரம் அவித்த முட்டை வந்தது, அடுத்த நாள் சோற்றோடு தயிரும், பிறகு விளைமீன் குழம்பும். நண்டுக்கு மட்டும் மாமி கடைசிவரை சம்மதிக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.