படியளப்பவர் யார்

திருச்சியில் எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால், முதலில் நினைவுக்கு வருபவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. திரிசிரபுரம் என்று ஊரைச் சேர்த்துத்தான் அவர் பெயரைச் சொல்வார்கள். 1815இல் பிறந்தவர். ராயல்டி, சந்தா, விளம்பரம் என்று எதுவும் அவர் வாழ்க்கையில் கிடையாது. ஆனால் பிழைப்புக்கு ஒரு வழி வகுத்து வைத்திருந்தார். ஓர் ஊரில் பழைய கோயில் இருக்கும். அதற்குத் தமிழில் புராணம் இருக்காது. ஊர்ப் பெரியவர்களும் மிராசுதாரர்களும் கூடிப் பேசி, பாடித் தரும்படி பிள்ளையவர்களைக் கேட்பார்கள். அவர் பாட்டைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். பிறகு கோயிலில் அரங்கேற்றம், பல நாள் நடக்கும். முடிவில் சால்வை, சம்மானம். இப்படி இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை அவர் பாடியிருக்கிறார். காவிரியின் தென்கரையில் இருக்கும் உறையூருக்கும் ஒன்று உண்டு.

இதில் நான் கவனிப்பது ஒரு விஷயம். புராணத்தைக் கேட்டவர்கள் பக்தர்கள், கூடத்தில் உட்கார்ந்து ரசித்தவர்கள் ஊர்க்காரர்கள். பணம் கொடுத்தது மட்டும் வேறு ஆள். அந்த ஆள் எந்த ஊரில் இருந்தாரோ அந்த ஊருக்குப் புராணம் கிடைத்தது. பணக்காரர் இல்லாத ஊரின் சாமி, பாவம், பாட்டில்லாமல் நின்றார்.

வருமானம் எப்போது வரும் என்று தெரியாது. செலவு மட்டும் தினமும் இருந்தது. பாடம் கேட்க வந்த மாணவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை. பலருக்குச் சோறும் போட்டார். கடைசிக் காலத்தில் திருவாவடுதுறை ஆதீனம் தாங்கிப் பிடித்தும் கடன் அவரை விடவில்லை. 1876இல் அவர் காலமானார். உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 34 ஆண்டுகளில் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். குருவின் பெருமையோடு குருவின் வறுமையையும் அதில் ஒளிக்காமல் வைத்தார். அதை எழுதிய உ.வே.சா. எப்படிப் பிழைத்தார்? பிள்ளையவர்களின் இன்னொரு மாணவரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் பார்த்த வேலையை 1880இல் அவருக்கு வாங்கிக் கொடுத்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது அதற்குப் பிறகு. ஒன்றாம் தேதி பிறந்தால் கைக்கு வரும் 50 ரூபாய்க்கும் சங்க இலக்கியங்கள் அச்சேறியதற்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியை ஒட்டிய ஒரு மாடிப் பகுதியில் குடியிருந்துகொண்டு எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே அந்தச் சரித்திரம் எனக்குத் தொழில் புத்தகம். சின்னக் கடைத்தெரு நகைக்கடைக்கு ஆடித் தள்ளுபடி வாசகம், மருத்துவமனைக்கு நோயாளிகள் கையேடு, யூடியூப் சேனலுக்கு ஸ்கிரிப்ட், ரிட்டயர் ஆன அதிகாரி ஒருவர் தம் பெயரில் போட்டுக்கொள்ளும் தன்வரலாறு என எது வந்தாலும் செய்கிறேன். இவற்றுக்கு நடுவே இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் வைத்து, எனக்குப் பிடித்ததை எழுதுகிறேன். அதிலும் கொஞ்சம் காசு வருகிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பத்திரிகைக் காலம் வந்ததும் மிராசுதாரர் இடத்தில் வாசகர் வந்துவிட்டார் என்று சொல்வதுண்டு. முழுக்க உண்மையில்லை. கு.ப.ராஜகோபாலன் திருச்சியில் படித்தவர். அரசாங்க வேலையில் இருந்தார். கண் கெட்டதால் அதை விட்டார். பிறகு எழுத்தையே நம்பிச் சென்னைக்குப் போனார். தமிழ்ச் சிறுகதையில் அவர் இடம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவர் வந்து சேர்ந்தது துறையூரிலிருந்து வந்துகொண்டிருந்த ‘கிராம ஊழியன்’ பத்திரிகையில். 1944 ஏப்ரலில், 42 வயதில், போய்விட்டார். அதே பத்திரிகையில் இருந்த திருலோக சீதாராம் பிற்பாடு திருச்சியிலிருந்து ‘சிவாஜி’யை நடத்தினார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். பாரதி பாடல்களை மேடையில் கணீரென்று சொல்லிக் கேட்டவர்களைக் கட்டிப்போட்டவர். ஒரு சிறு பத்திரிகையை மாதாமாதம் அச்சுக்கு அனுப்புகிறவனுக்கு அடுத்த இதழுக்குக் காகிதம் எங்கிருந்து வரும் என்பதே முதல் இலக்கியப் பிரச்சினை.

அந்தச் ‘சிவாஜி’யில்தான் 1953இல் ஒரு கல்லூரிப் பையனின் கதை வந்தது. பையன் பெயர் எஸ்.ரங்கராஜன். கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்தவன். தெப்பக்குளத்துப் பக்கம் செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவன். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி., விமானப் போக்குவரத்துத் துறை, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ‘குமுத’த்தில் எழுத ஆரம்பித்தபோது அங்கே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்ததால் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். தமிழில் அவரைவிட அதிகம் படிக்கப்பட்டவர்களை எண்ணக் கை விரல்கள் போதும். அவரே வேலையை விடவில்லை! பணி ஓய்வு பெறும்வரை ஆபீஸ் போனார். எழுத்துக்கு நேரம் போதவில்லையே என்று அதைப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒரு பக்கம் லட்சக்கணக்கானோர் படிக்கும் வார இதழில் தொடர்கதை, இன்னொரு பக்கம் ‘கணையாழி’யின் கடைசிப் பக்கம் என இரண்டு கையாலும் எழுத அவரால் முடிந்தது என்றால், வீட்டுச் செலவை இரண்டு பத்திரிகையுமே தர வேண்டியதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். பெங்களூர்க் கம்பெனி ஒன்று, தனக்கே தெரியாமல், ஸ்ரீரங்கத்துக் கதைகளுக்கு மிராசுதாரராக இருந்திருக்கிறது.

இதே ஊரில் இன்னொரு ரங்கராஜன் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் நண்பர்களோடு ‘நேதாஜி’ என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். 1939இலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்த திருச்சி வானொலிக்கு நாடகமும் பாட்டும் எழுதிக் கொடுத்துப் பழகியவர். ஓவியர் மாலியைப் போல வர வேண்டும் என்று பள்ளித் தோழர் ஒருவர் அவருக்கு வாலி என்று பெயர் வைத்தார். தூரிகை கைகொடுக்காமல் பேனா கைகொடுத்தது. 1958இல் முதல் சினிமாப் பாட்டு. 1963இல் ‘கற்பகம்’ வந்த பிறகுதான் நிலைத்தார். இடையில் சென்னையில் பட்ட கஷ்டத்தை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். வேறு உத்தியோகம் பார்க்காமல், பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு, 2013இல் மறையும்வரை வசதியாக வாழ்ந்தவர் என்று எங்கள் ஊரில் நான் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரே பெயர் அவருடையது. மெட்டுக்கு எழுதினார், காசுக்கு எழுதினார், அதை மறைக்கவும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இன்றும் சிலர் சுஜாதாவை இலக்கியம் என்றும் வாலியை சினிமா என்றும் பிரித்து வைத்து, முன்னவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தொழில் செய்கிறவன் கண்ணில் பார்த்தால், தயாரிப்பாளரிடம் பேசிக் கூலி வாங்கியவர் செய்ததுதான் கடினமான காரியம்.

இணையத்துக்கு வருகிறேன். 2003 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் தொடங்கின. 2004இல் ‘தமிழ்மணம்’ என்ற திரட்டி வந்து, யார் எங்கே எழுதினாலும் ஒரே இடத்தில் காட்டியது. ஆசிரியர் கிடையாது, திருப்பி அனுப்பும் தபால்தலை கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் கணினிக்காரரும் திருச்சி வங்கி ஊழியரும் நள்ளிரவில் சண்டை போட்டார்கள். எழுதியவர்கள் எண்ணிக்கையில்லாமல் இருந்தார்கள், ஆனால் ஒருவருக்கும் காசில்லை. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்குள் சண்டைக்காரர்கள் எல்லோரும் பேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். படித்தவர்கள் வாட்ஸப்புக்கும் யூடியூபுக்கும் போய்விட்டார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் வந்து சேர்ந்த கதைதான்.

நான் அப்போதும் விண்ணப்பித்தேன். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், நாம் சொன்ன விலாசத்தில் நாம்தான் இருக்கிறோமா என்று பார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். கணினி உலகத்தின் ராஜா கடைசியில் எங்கள் தபால்காரரை நம்பியதில் எனக்கு ஒரு திருப்தி. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். வெளியூர்க்காரர்கள் ஒரு மாதத்தில் சேர்ப்பதை நான் சேர்க்க எத்தனை காலம் ஆகிறது என்பதைச் சொன்னால் என் மனைவி படிப்பாள், விட்டுவிடுகிறேன்.

எந்தப் பக்கத்துக்குக் காசு வருகிறது என்பது அதைவிட ருசியான விஷயம். கோயில் கொட்டாரங்களைப் பற்றி, அவ்வளவு பெரிய நெற்குதிர்கள் எதற்காகக் கட்டப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்து, படித்து, நீளமாக ஒன்று எழுதினேன். அதைப் படித்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். போகிற போக்கில் வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், பஸ் எங்கே நிற்கும், கார் எங்கே நிறுத்தலாம் என்று ஒரு குறிப்புப் போட்டேன். மார்கழி பிறந்தால் அது ஒன்றுதான் ஓடுகிறது. உலகம் முழுவதிலிருந்தும் தேடி வருகிறார்கள். அதிலும் அமெரிக்காவிலிருந்து பார்ப்பவருக்கு விளம்பரக்காரர் கொடுக்கும் காசு, திருவானைக்காவலிலிருந்து பார்ப்பவருக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. ஆகவே நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா ஒருவர் ‘இந்த வருஷம் எத்தனை மணிக்கு’ என்று தூக்கம் வராமல் தேடினால் எனக்கு நல்லது. அரங்கன் என் விஷயத்தில் மார்கழியில் மட்டும் படியளக்கிறார்.

கடன், காப்பீடு, நிலம் என்று எழுதினால் இன்னும் கிடைக்கும் என்கிறார்கள். எந்த வங்கியில் வட்டி குறைவு என்று தேடுகிறவருக்குக் காட்டப்படும் விளம்பரத்துக்கு விலை அதிகம். சம்புகேசுவரர் கோயில் நாவல் மரத்தைப் பற்றி எழுதினால் பக்கத்தில் என்ன விளம்பரம் போட முடியும்? இங்கேதான் பிள்ளையவர்கள் காலம் எனக்குப் புரிகிறது. பணம் கொடுக்கிற ஊருக்குத்தான் புராணம். அவர் அதற்கு வருந்தி உட்கார்ந்துவிடவில்லை. கேட்ட ஊருக்குப் பாடினார், அந்தப் பாட்டிலும் தம் புலமையைக் குறைக்கவில்லை. ஆனால் அவர் எதற்காகப் பிழைத்தாரோ அந்தப் பாடம் சொல்லும் காரியத்துக்கு ஒருவரிடமும் விலை பேசவில்லை. நான் கொட்டாரத்தை எழுதுவதும் அந்த வகைதான் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். நகைக்கடை வாசகத்தில் மட்டும் புலமையைக் காட்டப் பார்த்தால் முதலாளி வெட்டிவிடுகிறார்.

புத்தகம் போட்டால் என்ன என்று கேட்பார்கள். 200 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் 20 ரூபாய். ஐந்நூறு பிரதி விற்றால் பத்தாயிரம். ஐந்நூறு விற்க எத்தனை வருஷம் என்பது பதிப்பாளருக்கும் கரையானுக்கும் தெரியும். நூலக ஆணை கிடைத்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம். அதிலும் பாருங்கள், வாங்குவது வாசகர் இல்லை, அரசாங்கம்.

சென்ற பங்குனியில் லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குடமுழுக்கு வைத்திருக்கிறார்கள், மலர் போட வேண்டும். பெரியவர் மஞ்சள் பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

“தம்பி, எங்க ஊருக்குப் புராணம்னு ஒண்ணும் கிடையாது. கல்வெட்டு ரெண்டு இருக்கு. வாய்வார்த்தையா சொல்ற கதை இருக்கு. நீங்கதான் எல்லாத்தையும் கோத்துக் குடுக்கணும்.”

“எத்தனை பக்கம் போடறீங்க?”

“அறுபத்துநாலு. அதுல உபயதாரருங்க போட்டோ முப்பது பக்கம் போயிரும்.”

தொகையைச் சொன்னேன். கூட வந்த இளைஞர் முகம் சுருங்கியது. பெரியவர் அவரைக் கையமர்த்திவிட்டுச் சரி என்றார். பாதி முன்பணம் என்றேன், அதற்கும் சரி. எழுந்திருக்கும்போது எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

“சாமி பேருல முன்னாடி நாலு வெண்பா இருந்தா லட்சணமா இருக்கும்னு எங்க தலைவர் ஆசைப்படறாரு. உங்களால முடியுமா?”

“முடியும். வெண்பாவுக்குத் தனியா ஆகும்.”

“பாட்டு ஒண்ணுக்கு எவ்வளவு?”

சொன்னேன். பெரியவர் இளைஞரைப் பார்த்தார், நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்ப ரெண்டு போதும் தம்பி.”